நசுங்கிய டின்னும் கறார் வீட்டுச் சாப்பாடும்

தன் கடைக்குள் நுழைந்த எந்தப் பொருளும் இனிமேல் குப்பைத் தொட்டியைப் பார்க்கக் கூடாது என்று கறார் ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவு செய்தார். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ முடிவு செய்கிறார்கள். செய்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். கறார் அப்படிப்பட்டவர் அல்ல. ஒரு முடிவு செய்தால் அதைக் கடைக்கு வந்தவர்களிடம் சொல்வார். அப்புறம் கடைக்கு வராமல் தெருவோடு போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்வார். கடைசியில் வீட்டுக்கு வந்து மனைவியிடம் உத்தரவாகச் சொல்வார். கஷ்டப்பட்டு யோசித்த முடிவை வீணாக்கலாமா?

கறார் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. தன் மளிகைக் கடை வாசலில் 'கறார் விலை' என்று பெரிய பலகை மாட்டியிருந்தார். தெரு அதில் பாதியை எடுத்து அவருக்குப் பெயராக வைத்துவிட்டது. அது கேலி என்று எல்லோருக்கும் தெரியும். அவர் மட்டும் பட்டம் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தார். யாரும் பேரம் பேசிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு பொருளின் மேலும் தடித்த நீலப் பேனாவால் தன் கையாலேயே விலையை எழுதுவார். அந்தக் கோணல் எழுத்தை அந்த வட்டாரத்தில் எங்கே பார்த்தாலும் அது அவர் கடைச் சரக்கு என்று சொல்லிவிடலாம்.

எந்த மளிகைக் கடையிலும் விலை போகாத சரக்கு கொஞ்சம் சேரத்தான் செய்யும். கை தவறி விழுந்து நசுங்கிய டின், உறை கிழிந்த சோப்பு, ஓட்டை விழுந்த மாவுப் பை, யாருக்கும் பிடிக்காத ருசியில் வந்த பிஸ்கட், தேதி முடிந்த நூடுல்ஸ். மற்ற கடைக்காரர்கள் தேதி நெருங்கும்போதே விலையைக் குறைத்து வாசலில் வைத்துத் தள்ளிவிடுவார்கள். தள்ள முடியாததைக் கம்பெனியிடம் திருப்பிக் கொடுப்பார்கள். அதற்கும் ஆகாததைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்கள். கறார் விலையைக் குறைக்க மாட்டார். குறைத்தால் பலகை என்னாவது?

அதைவிடப் பெரிய வினை அவர் அலமாரி அடுக்கும் விதம். புதுச் சரக்கு வந்தால், பளபளவென்று இருக்கிறதே என்று அதை முன்வரிசையில் வைப்பார். பழையது பின்னால் போகும். அடுத்த முறை சரக்கு வந்தால் இன்னும் பின்னால் போகும். இப்படியே போய்ச் சுவரோடு ஒட்டி, வெளிச்சம் படாமல் அங்கேயே கிழடு தட்டிவிடும். பழையதை முன்னால் வைக்கலாமே என்று கல்யாணமான புதிதில் மனைவி ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். கடை நடத்துவது நானா நீயா என்று கேட்டார். அதற்கப்புறம் அவள் கடை விஷயத்தில் வாய் திறக்கவில்லை. தன் அதட்டல் பலித்துவிட்டதாக அவர் இன்றுவரை பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை டின்களும் பிஸ்கட்டும் போடுகிற கம்பெனிக்காரர் கடைக்கு வந்தார். கம்பெனிக்காரர் என்றால் கம்பெனிக்குச் சொந்தக்காரர் அல்ல. தோள்பையும் தேய்ந்த செருப்புமாகக் கடை கடையாக ஆர்டர் எடுக்கிறவர். கறார் மூலையில் குவித்து வைத்திருந்த சரக்கைக் காட்டி, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். வந்தவர் குவியலைப் பார்த்தார், ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே கறாருக்குப் பாதி ரத்தம் கொதித்துவிட்டது.

"தேதி போய் ரொம்ப நாளானது, கடையில நசுங்கினது எதையும் திருப்பி எடுக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு முதலாளி. நீங்க பழசை முன்னாடி வைங்க. பாதிப் பிரச்சினை அதுலயே தீந்துடும்."

"எனக்குக் கடை நடத்தச் சொல்லித் தர்றீங்களா?"

"அப்படி இல்ல முதலாளி. இதைக் குப்பைல போட்டுடுங்கன்னு சொல்றேன்."

கறாரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. குப்பையில் போடுவதற்கா கடை வைத்திருக்கிறேன் என்று ஆரம்பித்தார். இந்தக் குவியல் முழுவதும் தன் வீட்டுக்குப் போகும், தன் குடும்பம் இதைச் சாப்பிடும், சாப்பிட்டுவிட்டுக் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும், அதைக் கம்பெனி வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சபதம் செய்தார். கம்பெனிக்காரர் அடுத்த கடைக்கு நழுவினார். வாசலில் நின்ற இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் ஒரு பெரிய துணிப்பை வீட்டுச் சமையல் மேடை மேல் தொப்பென்று இறங்கியது.

"இதெல்லாம் என்னங்க?" என்றாள் மனைவி.

"சாமான். இனிமே நல்ல சரக்கு விக்கறதுக்கு. விக்காத சரக்கு வீட்டுக்கு."

"தேதி முடிஞ்சு போயிருக்கே."

"தேதி யார் போட்டது? கம்பெனிக்காரன் போட்டது. பொருளுக்குத் தேதி தெரியுமா?"

"பாப்பாவும் இதைத்தான் சாப்பிடணுமா?"

"எல்லாரும்தான். நானும்தான்."

பாப்பா என்பது அவர்கள் மகள். பள்ளிக்கூடம் போகிற பெண். அவள் ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கத் தொடங்கியதும் கறார் அதை வெடுக்கென்று பிடுங்கிவிட்டார். படிப்பு பள்ளிக்கூடத்தோடு இருக்கட்டும் என்றார். மனைவி மகளைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அப்புறம் "சரிங்க" என்றாள்.

இந்தச் 'சரிங்க'வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சண்டை போடும் மனைவியிடம் கணவனுக்கு ஆபத்தில்லை. அவள் மனதில் இருப்பது வாயில் வந்துவிடும். கறாரின் மனைவி சண்டை போட்டதே இல்லை. வாடகை வீடு மாறும்போதும் சரிங்க என்றாள். அவர் பார்த்த வீட்டுக்குப் போகவில்லை, அவள் பார்த்த வீட்டுக்குத்தான் போனார்கள். மகளை அவர் சொன்ன பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் சரிங்க என்றாள். மகள் படிப்பது வேறு பள்ளிக்கூடத்தில். எப்படி மாறியது என்று அவருக்கே ஞாபகமில்லை. கொஞ்சம் மூளையுள்ள மனிதனாக இருந்தால் அந்தச் சொல்லைக் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான். கறார் செருப்பைக் கழற்றிவிட்டுக் காபி கேட்டார்.

மறுநாள் சாப்பாடு வந்தது. அவர் உள்ளுக்குள் கொஞ்சம் நடுங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார். சபதம் செய்த வாய் வேறு, சாப்பிடுகிற வாய் வேறு அல்லவே. ஒரு வாய் வைத்தார். நன்றாக இருந்தது. தக்காளி சூப் கமகமவென்று மணந்தது. பட்டாணி போட்ட நூடுல்ஸ் புத்தம் புதியது போல இருந்தது. பிஸ்கட் கடித்தால் மொறுமொறு என்றது. மகள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

அன்றிலிருந்து அவரைக் கையால் பிடிக்க முடியவில்லை. தேதி என்பதே மக்களைப் பயமுறுத்தக் கம்பெனிகள் கட்டிய கதை என்று கல்லாவில் உட்கார்ந்து பிரசங்கம் செய்தார். எண்ணெய் வாங்க வந்தவன் பிரசங்கம் கேட்டான். உப்பு வாங்க வந்தவள் உப்போடு பிரசங்கமும் வாங்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் கடையைச் சாத்தியதும் நசுங்கியதும் கிழிந்ததும் வெளியே தெரிகிற மாதிரி பையைப் பிடித்துக்கொண்டு தெரு நடுவே மெதுவாக நடப்பார். யாராவது கேட்க மாட்டார்களா என்று பார்ப்பார். யாரும் கேட்காவிட்டால் தானே நின்று காட்டுவார். சாப்பிடும்போது மனைவிக்கும் பாடம் நடத்துவார். பார்த்தாயா, மூளை இருந்தால் பழசும் புதுசும் ஒன்றுதான் என்பார். "ஆமாங்க, எல்லாம் உங்க மூளைதான்" என்று அவள் இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றுவாள்.

கடையில் ஒரே ஒரு தொந்தரவு மட்டும் முளைத்திருந்தது. வாங்கிய பொருளைத் திருப்பிக் கொண்டு வருகிறவர்கள் திடீரென்று பெருகிவிட்டார்கள். முக்கியமாகப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. ஜாக்கெட் தைக்கிறவள், நாலு வீட்டுக்கு நல்லவள். இவள் எப்போதும் கடையில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து வருவாள். கையில் தேதி முடிந்த பிஸ்கட்டோ ஒழுகிய ஷாம்புவோ இருக்கும். சத்தம் போட மாட்டாள். கல்லாவில் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"அண்ணே, இது உங்க கடைச் சரக்குதானே?"

நீலப் பேனாவில் தன் கோணல் எழுத்து பல்லை இளித்துக்கொண்டிருக்கும். இல்லை என்று எப்படிச் சொல்வது? கூட்டம் வேடிக்கை பார்க்கும். பின்னால் நிற்கிற பெண் தன் கூடையில் இருக்கிற பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்க்க ஆரம்பிப்பாள். அதற்குள் கறார் முன்வரிசையில் இருந்து புதிதாக ஒன்றை எடுத்து நீட்டி அவளை அனுப்பிவைப்பார். போன பிறகு, கண்ணைப் பிடரியில் வைத்துக்கொண்டு பொருள் வாங்குகிறாள் என்று அவளைத் திட்டுவார். திரும்பி வந்த பொருள் மூலைக் குவியலுக்குப் போகும். சாயங்காலம் குவியல் பைக்குள் போகும். பை வீட்டுக்குப் போகும்.

அவரே ஏணியில் இருந்து கை நழுவ விட்ட ஒரு தக்காளிச் சாற்று டின் இருந்தது. வயிற்றில் ஓங்கிக் குத்து வாங்கிய மாதிரி நடுவில் பெரிய பள்ளம். அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். சில நாளில் அதே மாதிரி பள்ளத்தோடு ஒரு டின்னைத் தையல்காரம்மா கொண்டு வந்தாள். மாற்றிக் கொடுத்தார், நசுங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோனார். அடுத்த வாரம் தையல்காரம்மாவின் நாத்தனார் ஒரு டின்னோடு வந்தாள். அதே இடத்தில் அதே பள்ளம். வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் தலையைச் சொறிந்துகொண்டு கொஞ்சம் யோசித்திருப்பார்கள். கறார் யோசிக்கவும் செய்தார். யோசித்துக் கம்பெனியின் மெஷினில் கோளாறு என்று கண்டுபிடித்தார்.

அடுத்த முறை கம்பெனிக்காரர் வந்ததும் டின்னை அவர் மூக்கின் முன்னால் ஆட்டினார். உங்கள் மெஷின் எல்லா டின்னையும் ஒரே இடத்தில் நசுக்கி அனுப்புகிறது, இதைக் கண்டுபிடிக்க நான் வேண்டியிருக்கிறது என்றார். கம்பெனிக்காரர் டின்னை உருட்டிப் பார்த்தார். இந்த ஊரில் வேறு எந்தக் கடையிலும் இப்படிப் புகார் இல்லையே என்றார். மற்றவர்களுக்குக் கண் இல்லை என்றார் கறார். அதை மறுக்கக் கம்பெனிக்காரருக்குத் தைரியம் இல்லை. பேச்சை மாற்றுவதற்காக, வீட்டில் நிஜமாகவே இதைத்தான் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுவிட்டார்.

"சந்தேகமா? நாளைக்கு மத்தியானம் சாப்பிட வாங்க. உங்க கண்ணால பாருங்க, உங்க வாயால சொல்லுங்க."

"வரேன் முதலாளி. நல்லா இருந்தா கடைவீதி பூராச் சொல்றேன்."

கறாருக்கு மண்டைக்குள் மேளம் கொட்டியது. அந்த உற்சாகத்தில் இன்னொரு காரியத்தையும் செய்தார். திருப்பிக் கொண்டு வருகிறவர்களின் தொல்லைக்கு இன்றோடு முடிவு கட்டுவது என்று ஓர் அட்டையை எடுத்து, 'விற்ற பொருள் மாற்றித் தரப்பட மாட்டாது' என்று அதே நீலப் பேனாவால் எழுதிக் கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டார். சாயங்காலம் வந்த தையல்காரம்மா அட்டையைப் படித்தாள், கையில் இருந்ததை முந்தானைக்குள் மறைத்தாள், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள். ஒரு மாதத் தலைவலி ஓர் அட்டையில் தீர்ந்ததே என்று கறார் தன் முதுகில் தானே தட்டிக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் இரண்டு செய்தியையும் மனைவியிடம் சொன்னார். நாளைக்கு விருந்தாளி வருகிறார், வழக்கமாகச் சமைக்கிற மாதிரியே பையில் இருக்கிற சரக்கை வைத்துச் சமை என்றார். அட்டை மாட்டிய கதையையும் நடித்துக் காட்டினார்.

"அப்ப இனிமே யார் கேட்டாலும் மாத்த மாட்டீங்களா?"

"என் அப்பனே வந்து கேட்டாலும் மாட்டேன்."

"நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"நான் யோசிக்காம எதைச் செஞ்சிருக்கேன்?"

"சரிங்க" என்றாள் அவள்.

மறுநாள் மத்தியானம் கம்பெனிக்காரர் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். மகளைக் காணோம், தையல்காரம்மா வீட்டில் இருப்பதாக மனைவி சொன்னாள். இருவரும் மேசையில் உட்கார்ந்தார்கள். வழக்கமாகப் பாத்திரத்தைக் கொண்டு வந்து பரிமாறுகிறவள் அன்று தட்டிலேயே போட்டுக் கொண்டு வந்து ஆளுக்கொன்றாக வைத்தாள். கறார் அதைக் கவனிக்கவில்லை. விருந்தாளியின் முகத்தைக் கவனிப்பதில் மும்முரமாக இருந்தார்.

கம்பெனிக்காரர் பயந்து பயந்து ஒரு கரண்டி சூப்பை நாக்கில் விட்டார். அவர் புருவம் மேலே ஏறியது. இன்னொரு கரண்டி குடித்தார். அப்புறம் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். கறார் வெற்றிப் புன்னகையோடு தன் கிண்ணத்தில் இருந்து ஒரு பெரிய வாயாகக் குடித்தார்.

குடித்ததும் புன்னகை அப்படியே நின்றுவிட்டது. சூப்பில் தகர வாடை அடித்தது. அவசரமாக நூடுல்ஸை அள்ளி வாயில் போட்டார். ஒரே பையில் கிழிந்த சோப்போடு கிடந்த நூடுல்ஸ் அது. சோப்புக்கு நல்ல மல்லிகை வாசனை. பட்டாணி கடிபடவில்லை, கல்லா பட்டாணியா என்று பல்லுக்கே சந்தேகம். அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அவள் விருந்தாளிக்கு இன்னும் கொஞ்சம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சொன்னா நம்ப மாட்டீங்க, எங்க வீட்ல புதுசுல சமைச்சாக்கூட இந்த ருசி வராது" என்றார் கம்பெனிக்காரர். "முதலாளி, தினமும் இப்படித்தானா?"

கறாரின் வாயில் மல்லிகை மணந்துகொண்டிருந்தது. துப்பினால் சபதம் போய்விடும். ஒரு வார்த்தை சொன்னால் கடைவீதி முழுவதும் மானம் போய்விடும். கண்ணில் தண்ணீர் முட்ட விழுங்கினார்.

"தினமும் இப்படித்தான்" என்றார்.

"அவருக்கு இந்தச் சாப்பாடுன்னா உசிரு" என்றாள் மனைவி. "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமாங்க?"

விருந்தாளி ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கறார் தலையாட்டினார். அவள் உள்ளே போய்த் தட்டை நிரப்பிக் கொண்டு வந்தாள். தேதியை ஏமாற்றிய மாவீரர் பல்லைக் கடித்துக்கொண்டு, கடிபடாத பட்டாணியை முழுசு முழுசாக விழுங்கித் தட்டைக் காலி செய்தார். கடைசியில் பிஸ்கட்டும் காபியும் வந்தன. கம்பெனிக்காரரின் பிஸ்கட் மொறுமொறு என்று சத்தம் போட்டது. கறாரின் பிஸ்கட் ஈரத் துணி மாதிரி மடங்கியது. வாயை மூடிக்கொண்டு மென்றார்.

போகும்போது கம்பெனிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தான் நினைத்தது தப்பு என்றார். இதை மேலிடத்தில் கட்டாயம் சொல்வேன், இவ்வளவு நன்றாக இருக்கிற சரக்கை இனி எந்தக் கடையிலும் திருப்பி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை என்று எடுத்துச் சொல்வேன் என்றார். போகிற வழியில் உள்ள கடைகளில் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போவதாகவும் வாக்குக் கொடுத்தார்.

கதவு சாத்தியதும் கறார் ஓடிப்போய் வாயைக் கொப்பளித்தார். பலமுறை கொப்பளித்தார். மல்லிகை போகவில்லை.

"அவன் தட்டுல என்ன இருந்துச்சு?"

"நல்ல சாப்பாடு."

"என் தட்டுல?"

"நீங்க கொண்டு வந்த சாப்பாடு. பயப்படாதீங்க, வயித்துக்கு ஆகாததெல்லாம் பொறுக்கி எடுத்துட்டுத்தான் சமைச்சேன். ருசிக்கு நான் பொறுப்பில்ல."

"அப்ப இத்தனை நாளா நான் சாப்பிட்டது?"

"அதுவும் நல்ல சாப்பாடுதாங்க. நீங்க சாயங்காலம் கொண்டு வருவீங்க. மறுநாள் தையல்காரம்மா அதைக் கடைக்கு எடுத்துட்டு வருவாங்க. நீங்களே பாத்துப் பாத்து நல்லதா மாத்திக் குடுப்பீங்க. அவங்களுக்குப் பாதி, நமக்குப் பாதி. நேத்து அட்டை மாட்டிட்டீங்களே, நான் என்ன பண்றது? விருந்தாளிக்கு மட்டும் அவங்க வீட்ல கேட்டு வாங்கினேன். உங்களுக்கும் சேத்துக் கேக்க வெக்கமா இருந்துச்சு."

அந்தத் தக்காளிச் சாற்று டின் ஒரே டின்தான் என்பது கறாருக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பெனி மெஷினைப் பற்றி அவர் பேசிய பேச்சும் கூடவே உறைத்தது. வலித்தது.

"என் கடையையே கொள்ளையடிச்சிருக்கீங்க ரெண்டு பேரும்."

"என்ன கொள்ளை? உங்க கடைச் சாமான் உங்க வீட்டுக்கு வந்துச்சு. உங்க வீட்டுச் சாமான் உங்க கடைக்குப் போச்சு. தையல்காரம்மா ஒரு பொய் சொன்னாங்களா? உங்க கடைச் சரக்குதானேன்னு கேட்டாங்க. நீங்க ஆமான்னீங்க."

இதில் எந்த இடத்தில் பிடித்துக்கொண்டு சண்டை போடுவது என்றே கறாருக்குத் தெரியவில்லை. பாப்பாவுக்கு அந்தக் குப்பையைக் கொடுக்க நினைத்தீர்களே என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடக் கத்தியிருப்பார். அவள் கேட்கவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அதைத் தனக்குள்கூட ஒப்புக்கொள்ளாமல் கடைக்குக் கிளம்பினார்.

கடைவீதியில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. கம்பெனிக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். எண்ணெய்க் கடைக்காரர் வாசலுக்கு வந்து கும்பிட்டார். பாத்திரக் கடைக்காரர், உங்கள் வீட்டில் எனக்கு என்றைக்குச் சாப்பாடு என்று கேட்டார். இதுவரை இவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆட்கள் எல்லாம் இவர் கைப்பையை மரியாதையோடு பார்த்தார்கள். கறார் வாழ்நாள் முழுவதும் இந்த மரியாதைக்குத்தான் ஏங்கினார். வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு ராத்திரிக்கு என்ன சாப்பிடுவது என்பதுதான் இப்போது கேள்வி.

இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். மகள் மூன்று வேளையும் தையல்காரம்மா வீட்டில் சாப்பிட்டாள். மனைவியும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, இவருக்கு மட்டும் இவர் கொண்டு வந்ததை மரியாதையாகச் சமைத்துப் போட்டாள். அட்டையைக் கழற்றினால் கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். நல்ல சரக்கை வீட்டுக்கு எடுத்துப் போனால் கடைவீதி சிரிக்கும். அதைவிட, வீட்டுக்குள் ஒரு நல்ல டின்னோடு நுழைந்து மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குத் தகர சூப்பே தேவலை என்று முதல் நாள் தோன்றியது. இரண்டாம் நாள் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், தெரு சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், மூலைக் குவியல் முழுவதும் ஒரு சாக்கில் ஏறிக் குப்பை வண்டியில் போய்ச் சேர்ந்தது. யாரும் பார்க்கவில்லை என்று கறார் நினைத்துக்கொண்டார். தெருவைப் பார்த்த தையல்காரம்மாவின் ஜன்னல் திறந்திருந்தது. சாயங்காலம் கடையைச் சாத்துவதற்கு முன்னால் கதவைப் பாதி இழுத்துவிட்டுக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். புத்தம் புதிய டின் ஒன்றை எடுத்தார். தேதி நன்றாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். அப்புறம் அதைக் கல்லாவின் விளிம்பில் ஓங்கி இடித்தார். ஒரு நல்ல பிஸ்கட் பாக்கெட்டைக் கசக்கினார். நூடுல்ஸ் பாக்கெட்டின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தார். எல்லாவற்றையும் வெளியே தெரிகிற மாதிரி பையில் போட்டுக்கொண்டு, எண்ணெய்க் கடைக்காரரின் கும்பிட்டை வாங்கிக்கொண்டு, தெரு நடுவே மெதுவாக நடந்து வீட்டுக்குப் போனார்.

மனைவி பையைப் பிரித்தாள். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கறார் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம் விக்காத சரக்குதானே?"

"பின்ன? என் கொள்கை தெரியாதா உனக்கு?"

"தெரியும்" என்றாள். அன்று மகள் வீட்டில் சாப்பிட்டாள். சூப் கமகமவென்று மணந்தது. கறார் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். பழசும் புதுசும் ஒன்றுதான் என்று பழக்கதோஷத்தில் வாய்வரை வந்த பாடத்தைச் சூப்போடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

கை கழுவிவிட்டு வந்தபோது அவள் அந்த டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதை மூடிப் பக்கமா இடிக்காதீங்க, திறக்க வரமாட்டேங்குது. நடுவுல இடிங்க."

"நான் எங்க இடிச்சேன்? அது தானா…"

"சரிங்க" என்றாள். "நாளையோட சர்க்கரை தீந்துடும். ஒரு பை கிழிச்சுக் கொண்டு வாங்க."